திரிசூலம் இல்லாத பலகை

அந்த நாட்களில் என் மனசு ஓர் இடத்தில் உட்காராது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் பரணில் அதற்கான சாட்சிகள் கிடந்தன. வார் தளர்ந்த மிருதங்கம். இரண்டாம் பாடத்தோடு நின்றுபோன இந்திப் புத்தகம். அடிப்பாகம் மட்டும் பின்னிய ஒயர்க் கூடை. புத்தகங்களைக்கூட நடுவில்தான் நிறுத்துவேன். பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கத்துக்குத் திரும்புவதே கிடையாது. “இவன் சாப்பாட்ட மட்டும்தான் முழுசா முடிப்பான்” என்பார் அப்பா. குரலில் கோபம் இருக்காது. ரேடியோவில் வானிலை சொல்வதுபோலச் சொல்வார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கடற்கரை நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு எழுத்தர் வேலை. தினமும் காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் வழியெல்லாம் வாசனைகள்தான் வரிசையாக வரும். குரோம்பேட்டை தாண்டும்போது தோல் பதனிடும் நெடி. மீனம்பாக்கத்தில் தலைக்கு மேல் இறங்கும் விமானத்தின் இரைச்சலோடு ஒரு எண்ணெய்ப் புகை. கிண்டி தாண்டிப் பாலத்தில் அடையாற்றின் சேற்று வாடை. மாம்பலத்தில் மல்லியும் கொத்தமல்லியும். இன்றைக்கும் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனால் அந்தக் காலத்து நிலையங்களை மூக்கால் சொல்லிவிடுவேன். நிலையங்கள்தான் இல்லை, அந்த வாசனையோடு.

ஒரு காலை, கையகலக் காந்தப் பலகை ஒன்றை மடியில் விரித்து எனக்கு நானே செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். அதுவும் புதிதாகத் தொடங்கியது. பரணில் அதற்கும் ஓர் இடம் காத்திருந்தது. பல்லாவரத்தில் ஏறிய கூட்டம் நெருக்கித் தள்ளியதில் யாருடைய டிபன் பையோ பலகையைத் தட்டிவிட்டது. காந்தம் என்று பேர்தான். காய்கள் கால்களுக்கிடையில் உருண்டு மறைந்தன.

கீழேயிருந்து ஒரு கை நீண்டது.

“இந்தா சார், உன் குதிர. ஒரு ஆபீசர் ஷூவாண்ட மேஞ்சுகினு இருந்துது.”

என் வயதுதான் இருக்கும் அவனுக்கு. கீழ்க்கட்டளைக்காரன். அங்கிருந்து சைக்கிளில் பல்லாவரம் வந்து ரயில் பிடிப்பவன். ஏரியை ஒட்டியிருந்த அவர்கள் வயல்கள் அப்போது மனைகளாகிக்கொண்டிருந்தன. பாரிமுனையில் மாமாவின் மின்சாமான் கடையில் ஒயரும் சுவிட்சும் விற்றுக்கொண்டிருந்தான். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று கண்ணில் பட்டது அவன் சட்டைப்பையில் செருகியிருந்த டெஸ்டர் மட்டும்தான்.

“வெள்ளைக்கு யான போய்ட்டிருக்கும் சார். நீ பாக்கல” என்றான்.

“எப்படிச் சொல்றீங்க? பலகைதான் விழுந்துடுச்சே.”

“பலக வுழுந்தா இன்னா? ஆட்டம் வுழலியே.”

மறுநாள் அவனே தேடி வந்தான். நான் பையிலிருந்து பலகையை எடுக்கப் போனேன். “அத்த உள்ள வை சார். இந்தக் கூட்டத்துல அது தாங்காது. வாயாலயே ஆடலாம்” என்றான்.

கட்டங்களுக்குப் புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்து போட்டிருக்கும், அதை வைத்துச் சொல்லலாம் என்றேன். கீழ்க்கட்டளை டீக்கடை பெஞ்சில் ஆடக் கற்றவன் அவன், புத்தகம் பார்த்ததில்லை. “ஏபிசிடில்லாம் வாணாம் சார். ஆறாங்கிளாஸ்ல இருந்தே அதுக்கும் நமக்கும் பேஜாரு. எட்டு வரிசதான? எட்டு ஸ்டேசன் வெச்சிக்கலாம்.”

வைத்துக்கொண்டோம். பலகையின் இடது ஓரத்து வரிசை தாம்பரம். அதற்கடுத்து குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி. வலது ஓரம் சைதாப்பேட்டை. ஒவ்வொரு வரிசையிலும் கீழிருந்து மேலே ஒன்று முதல் எட்டு வரை கட்டங்கள். இடையில் வரும் சானடோரியமும் திரிசூலமும் எட்டுக்குள் அடங்கவில்லை. சானடோரியத்தை விட்டவன் நான். பெயர் நீளம், ஆட்டம் தாமதமாகும் என்றேன். விமான நிலையத்துக்கு எதிரில் இருந்த திரிசூலத்தைத் தள்ளியவன் அவன். “அங்க யாரு சார் எறங்குறா? ஏரோப்ளேன்ல போறவன் எலக்ட்ரிக் ட்ரெய்ன்லயா வர்றான்?”

அப்படித்தான் தொடங்கியது. “சிப்பாய் பழவந்தாங்கல் நாலு” என்பான் அவன். “சிப்பாய் பழவந்தாங்கல் அஞ்சு” என்பேன் நான். “குதிர பரங்கிமலை மூணு.” இரண்டு பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி, ஊர்ப்பெயரும் எண்ணுமாக முணுமுணுப்பதைப் பார்த்து முதல் வாரம் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். தினமும் எங்கள் பெட்டியில் செய்தித்தாளை நாலாக மடித்துப் படித்தபடி வரும் வங்கிக்காரர் ஒருவர்தான் கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“ஏம்ப்பா, குதிரை எதுக்குப் பரங்கிமலைக்குப் போகுது? ரேஸ் கிண்டியிலதானே?”

“வயசான குதிர சார். ரேஸ வுட்டுட்டு சர்ச்சுக்குப் போவுது.”

அதற்குப் பிறகு அவர் எங்களுக்காக இடம் பிடித்து வைக்க ஆரம்பித்தார்.

பழகப் பழக எங்கள் பேச்சு இன்னும் சுருங்கியது. பலகையில் இருக்கிற ஒரு நிலையத்தில் ரயில் நிற்கிறபோதே அதே வரிசைக்குக் காயை நகர்த்துவதாக இருந்தால், நிலையத்தின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. “இங்க நாலு” என்போம். கிண்டியில் நின்றால் ‘இங்க’ என்பது கிண்டி. அதில் ஒரு கெத்து இருந்தது. ஓடுகிற ரயிலும் நிற்கிற பலகையும் ஒரு நொடி ஒன்றின்மேல் ஒன்று படிந்து பிரியும். அந்த நொடிக்காகவே நான் சில சமயம் தப்பான நகர்வுகளைச் செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு விதி வைத்திருந்தோம். காய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாருக்கு மறந்துபோகிறதோ அவன் “கலைஞ்சிடுச்சு” என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஆட்டம் முடிந்தது. அவன் தோற்றவன்.

தினமும் சொன்னவன் நான்.

சைதாப்பேட்டை வரை நன்றாக இருக்கும். மாம்பலத்தில் கூட்டம் காய்கறிப் பையும் குடையுமாக என் பலகைக்குள்ளேயே ஏறிவிடும். கோடம்பாக்கம் வருவதற்குள் ஓர் ஓரத்தில் யானை மங்கும். யானையைப் பிடிக்கப் போனால் மந்திரி நழுவும். மந்திரியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அலுவலகத்தில் பதில் போடாத கோப்பு ஒன்று நடுப்பலகையில் வந்து நிற்கும். பிறகு ஒரு சிப்பாய் இருந்ததா வெட்டுப்பட்டதா என்ற சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் அவ்வளவுதான், உப்பு கரைகிற மாதிரி எல்லாம் போய்விடும்.

“கலைஞ்சிடுச்சு.”

“இன்னா சார், இன்னும் நுங்கம்பாக்கமே வர்ல.”

ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்போது துளியும் இல்லை. ஓர் ஆட்டம், ஒரே ஓர் ஆட்டம், தொடக்கம் முதல் முடிவு வரை என் தலைக்குள் கலையாமல் நிற்க வேண்டும். அவன் என் ராஜாவை மடக்குகிற வரையாவது நான் அங்கே இருக்க வேண்டும். வாழ்க்கையில் ஏதாவது ஒன்றின் கடைசிப் பக்கத்தை நான் பார்த்தாக வேண்டும் என்று இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இதையும் பாதியில் விட்டுவிட்டால் அப்பா சொன்னதுதான் நான் என்று ஆகிவிடும். அந்தப் பயம் எனக்கு ரயில் பாஸ் போலச் சட்டைப்பையிலேயே இருந்தது.

அதனால் பயிற்சி செய்தேன். குளிக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, மேலதிகாரி திட்டும்போதுகூட. முதலில் நாலு நகர்வு பின்னோக்கிச் சொல்லிப் பார்ப்பேன். பிறகு காய்களை மறந்துவிட்டுக் காலிக் கட்டங்களை மட்டும் சொல்லிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்து முடிச்சூர்ப் பக்கம் போவேன். நெல் விளைந்த நிலத்தில் அப்போதுதான் மனை பிரித்து வெள்ளைக் கல் நட ஆரம்பித்திருந்தார்கள். கல்லுக்குக் கல் சதுரம் சதுரமாக, ஆளில்லாமல், வானத்தைப் பார்த்துக் கிடந்தது அந்த நிலம். இதைவிட நல்ல பலகை எங்கே கிடைக்கும்? ஒரு மூலையில் நின்று எட்டு வரிசை எண்ணி, இரண்டு கட்டம் நேரே, ஒரு கட்டம் பக்கவாட்டில் என்று குதிரைபோல நடந்தேன். காலில் நடந்தால் மனசில் பதியும் என்று ஓர் எண்ணம்.

மஞ்சப்பை வைத்திருந்த தரகர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தார்.

“இன்னா சார், மனை பாக்க வந்தீங்களா?”

“இல்லண்ணா, சும்மா.”

“சும்மா வர்றவன் இப்படியா குதிச்சுக் குதிச்சு அளப்பான்? நீங்க நிக்கிறது நல்ல மனை சார். ஆனா அந்தக் கார்னருக்குத்தான் ராசி ஜாஸ்தி.”

அந்தக் கார்னர் சைதாப்பேட்டை எட்டு. அங்கே என் யானை நின்றுகொண்டிருந்தது. சொல்ல முடியவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். பின்னாலிருந்து, “தாம்பரத்து ஆளுங்க அளந்துகினே இருப்பீங்க, வாங்க மாட்டீங்க” என்று கேட்டது.

அந்த மாதங்களை இப்போது நினைத்தால் ஒன்று புரிகிறது. நான் தினமும் தோற்றுக்கொண்டிருந்தேன், தினமும் சந்தோஷமாக இருந்தேன். முதலில் கோடம்பாக்கத்தில் கலைந்தது. அப்புறம் நுங்கம்பாக்கத்தில் கலைந்தது. ஒரு நல்ல நாளில் எழும்பூர் வரை வந்தது. மற்றவர்கள் வாழ்க்கையில் பதவி உயர்வு வருவதுபோல என் வாழ்க்கையில் நிலையங்கள் வந்துகொண்டிருந்தன. எழும்பூரில் “கலைஞ்சிடுச்சு” என்று சொன்ன அன்று வங்கிக்காரர் செய்தித்தாளால் என் முதுகில் தட்டினார். அலைந்து திரிந்த மனசு ஓர் இடத்தில் உட்கார்ந்து பழகியது. உட்கார்ந்த இடம் ஓடுகிற ரயிலாக இருந்தது. இதைவிட எனக்குப் பொருத்தமாக வேறென்ன அமையும்?

அவன் ‘சார்’ எப்போது ‘மச்சான்’ ஆயிற்று என்று நினைவில்லை. நானும் ‘நீங்க’வை எங்கேயோ தவறவிட்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை ஏறியதும் அவன் சொன்னான்.

“மச்சான், இந்த வாரத்தோட சரி. ஊட்டாண்டையே கட போடுறோம். ரோட்டு மேல ஒரு மனைய விக்காம வெச்சிருந்தாரு நைனா. ஷட்டர்லாம் வந்துட்சு.”

“நல்ல விஷயம்தான்.”

“மூஞ்சி அப்டி சொல்லலியே.”

“இல்லப்பா, நெஜமாவே நல்ல விஷயம்.”

நல்ல விஷயம்தான். ஆனால் அன்று என் பலகை கிண்டியிலேயே கலைந்தது. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் அப்படித்தான். கூடாது, இந்த வாரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று நினைக்க நினைக்க, கட்டங்கள் வழுக்கின. ஊரில் வாயாலேயே செஸ் ஆட இன்னொருவன் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமைதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மழை. பெட்டியின் ஷட்டர்கள் எல்லாம் இறக்கப்பட்டு, உள்ளே ஈரக்குடையின் துணி நாற்றமும் மங்கல் வெளிச்சமும். வெளியே எதுவும் தெரியவில்லை. பல்லாவரத்தில் தலையைத் துவட்டிக்கொண்டே ஏறினான். வெள்ளை அவனுக்கு. முதல் சில நகர்வுகள் எங்களுக்குப் பாயில் படுப்பதுபோலப் பழக்கம். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனோம். அவனுடைய குதிரைகள் இரண்டும் வெளியே வந்திருந்தன. ஒன்று பல்லாவரம் மூன்றில், இன்னொன்று பரங்கிமலை மூன்றில். ரயில் நின்றது. கதவோரத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டார்கள்.

“குதிர இங்க அஞ்சு” என்றான்.

நான் கண்ணை மூடியபடியே குதிரையை நகர்த்திக்கொண்டேன்.

அன்று என்னவோ நடந்தது. சைதாப்பேட்டையில் தெளிவாக இருந்தது. மாம்பலத்தில் கூட்டம் ஏறியது, பலகையில் யாரும் ஏறவில்லை. கோடம்பாக்கத்தில் நான் எல்லாக் காய்களையும் ஒருமுறை சுற்றி வந்தேன்; அத்தனையும் இருந்தன, சாயாமல், நிழலோடு. நுங்கம்பாக்கத்தில் இன்னொரு முறை சுற்றி வந்தேன். வங்கிக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார்.

சேத்துப்பட்டில் அவன் சொன்னான்: “குதிர பரங்கிமலை ஆறு. செக்கு.”

“எந்தக் குதிரை?”

“எந்தக் குதிரன்னா? நட்ட நடுவுல நிக்கிதே, அது.”

“அது அங்க போக முடியாது.”

“ஏன் முடியாது? மீனம்பாக்கத்துல இருந்து பரங்கிமலைக்குத் தாவுது.”

“மீனம்பாக்கத்துல உனக்குக் குதிரையே இல்ல. பழவந்தாங்கல்லதான் இருக்கு.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. “மச்சான், கலஞ்சிட்ச்சுன்னு சொல்லிடு. பரவால்ல.”

நாக்கு நுனி வரை வந்தது அந்த வார்த்தை. தினமும் சொல்லிப் பழகிய வார்த்தை, எளிதாக வந்துவிடும். ஆனால் எதுவும் கலையவில்லை. இத்தனை மாதங்களில் என் பலகை இவ்வளவு துலக்கமாக இருந்ததே இல்லை.

“கலையல” என்றேன். “உனக்குத்தான் கலைஞ்சிருக்கு.”

“எனக்கா?” அவன் வங்கிக்காரரிடம் திரும்பினான். “பாத்தியா சார், கடசி நாளு கடுப்பேத்துறான்.”

“ரெண்டு பேரும் ஒரே ஊர்லதானே ஆடுறீங்க?” என்றார் அவர். எழும்பூரில் இறங்க வேண்டியவர், இறங்க மனமில்லாமல் இறங்கிப் போனார்.

கடற்கரையில் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை நின்றிருந்தது. “மொதல்ல இருந்து சொல்றேன். எங்க தப்புன்னு சொல்லு” என்றேன். சொல்ல ஆரம்பித்தேன். அவனுடைய நகர்வு, என்னுடைய நகர்வு, அவனுடையது, என்னுடையது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தான். “அப்புறம் நீ, குதிரை இங்க அஞ்சுன்ன. பரங்கிமலைல இருந்த குதிரை பழவந்தாங்கலுக்கு வந்துது.”

“நிறுத்து. பழவந்தாங்கலா? நான் சொன்னப்ப மீனம்பாக்கத்துல நின்னுகினு இருந்தோம். பல்லாவரத்துல இருந்த குதிர அது.”

“மீனம்பாக்கம் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. நான் எண்ணிக்கிட்டுதான் வந்தேன். நீ பல்லாவரத்துல ஏறின. அடுத்து நின்னது மீனம்பாக்கம். அதுக்கடுத்து...”

“அடுத்து நின்னது இன்னா?”

“மீனம்...” என்று தொடங்கி நிறுத்தினேன்.

“திரிசூலம் மச்சான். பல்லாவரத்துக்கு அடுத்து திரிசூலம்.”

பல்லாவரத்துக்கு அடுத்தது திரிசூலம். பள்ளிப்பிள்ளைக்குத் தெரியும். ஷட்டர் இறங்கிய இருட்டில், எங்கள் பலகையில் இல்லாத ஊர் பூமியிலும் இல்லை என்றே என் தலை முடிவு செய்துவிட்டிருந்தது. தினமும் இரண்டு முறை கடந்துபோகும் ஒரு முழு நிலையத்தை, அதன் நடைமேடையோடும் மலையோடும், நான் அழித்துவிட்டிருந்தேன்.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் மெதுவாக, பிறகு பெஞ்சு அதிர. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி ஆட்டத்துக்கு மேல் நான் வேறொரு பலகையில் ஆடியிருந்தேன். அப்படியானால் இதுவும் பரணுக்குத்தான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சிரிப்பை நிறுத்தினான். “சரி வுடு. உன் பலகையே இருக்கட்டும். அதுலயே மேல ஆடு. கடசி நாளு, இன்னாத்துக்கு வம்பு.”

“வேணாம். ரயில் நின்னது மீனம்பாக்கம். உன் பலகைதான் சரி. கொஞ்சம் இரு.”

கண்ணை மூடினேன். பழவந்தாங்கலில் நின்ற குதிரையை எடுத்துப் பரங்கிமலையில் திரும்ப வைத்தேன். பல்லாவரத்துக் குதிரையை மீனம்பாக்கம் ஐந்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து மறுபடியும், நாங்கள் மாம்பலத்திலும் கோடம்பாக்கத்திலும் சொன்ன ஒவ்வொரு நகர்வையும் புதிய பலகையில் நடத்திக்கொண்டு வந்தேன். முந்தைய பலகை பக்கத்திலேயே நின்றது, போகவில்லை. எதிர் நடைமேடையில் யாரோ சுமை இறக்கினார்கள், டீக்காரர் டம்ளரைத் தட்டிக்கொண்டு போனார். எல்லாம் கேட்டது. எதுவும் உள்ளே வரவில்லை. சேத்துப்பட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவன் குதிரை பரங்கிமலை ஆறில், என் ராஜாவுக்குச் செக். கிண்டி எட்டில் நின்றுகொண்டிருந்த என் ராஜாவைச் சுற்றிப் பார்த்தேன். சிப்பாயால் குதிரையை வெட்டலாம். வெட்டினால் அவன் மந்திரிக்கு வழி திறந்துவிடும். ஓரத்துக்கு ஒதுங்கலாம். ஒதுங்கினால்...

“ஒதுங்கினா உன் ராணி சைதாப்பேட்டை ஏழுக்கு வந்துடும்” என்றேன். “வெட்டினா மந்திரி வந்து அதுக்கப்புறம் ராணி. ரெண்டு பக்கமும் போச்சு. நான் தோத்துட்டேன்.”

அவன் உதடு அசைய, தன் பலகையில் அதைச் சரிபார்த்தான்.

“ஆமா” என்றான். “செத்த நீ.”

மறந்துபோய்த் தோற்கவில்லை. என் ராஜா மடங்கியது என் கண்ணெதிரில். ஆட்டம் முடிந்திருந்தது, முடிந்த இடத்தில் நானும் இருந்தேன்.

“தோத்தவன் மூஞ்சியா மச்சான் இது?” என்றான் அவன், என்னையே பார்த்துக்கொண்டு.

இருவருக்கும் வேலைக்கு நேரமாகியிருந்தது. யாரும் எழவில்லை. எதிரே ஒரு ரயில் வந்து ஆட்களை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் காலியாக நின்று, மறுபடியும் தாம்பரத்துக்குக் கிளம்பியது. அது போன பிறகும் பேசிக்கொண்டிருந்தோம், நுங்கம்பாக்கத்தில் நான் யானையை இறக்கியிருந்தால் தப்பியிருப்பேனா என்று. தப்பியிருக்க முடியாது என்றான் அவன். முடியும் என்றேன் நான்.